‘காணோம்’ வேறு, ‘திறக்கவில்லை’ வேறு: வீட்டு நாஸ் பெட்டி எட்டாமல் போனால் எங்கிருந்து தேடுவது?

“நெட்டு நல்லா வருதுங்க. யூடியூப் ஓடுது. டிசைன் போல்டர் மட்டும் திறக்க மாட்டேங்குதுங்க.”

முன்னறையில் சின்ன ஆபீஸ், மாடியில் குடித்தனம் என்று இருக்கும் வீடுகள் திருப்பூரில் ஏராளம். பிரின்டிங் டிசைன், பையர் அனுப்பிய அளவுப் பட்டியல், பில், குழந்தைகளின் போட்டோ எல்லாம் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் நாஸ் என்ற ஒரே பெட்டியில் கிடக்கும். அந்தப் பெட்டி ஒரு நாள் எட்டாமல் போனால் மேலே உள்ள பேச்சுதான் வரும். கையோடு மூன்று வைத்தியமும் நடக்கும்: ரவுட்டரை அணைத்துப் போடுவது, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்துவது, யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஃபோல்டருக்கு ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ கொடுப்பது. முதல் வைத்தியம் சில நேரம் பலிக்கும். ஏன் பலித்தது என்று தெரியாததால் அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பி வரும். மற்ற இரண்டும் பெரும்பாலும் கோளாறைத் தொடாமலே வீட்டின் பாதுகாப்பை மட்டும் கழற்றிவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால், கோளாறு எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒரு தடவை புரிந்துகொண்டால் பத்து நிமிடத்துக்குள் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

நெட் வேறு, வீட்டு நெட்வொர்க் வேறு

தோட்டத்தில் சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, களத்துக்கு ஒரு வண்டித்தடம் இருக்கும். வேலியின் வாசலான கடவைத் தாண்டினால் ஊர்ச்சாலை, அதையும் தாண்டினால் அவினாசி ரோடு. அவினாசி ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றாலும், களத்தில் கிடக்கும் சோளத்தட்டைச் சாளைக்குக் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. அதே போல, அவினாசி ரோடு காலியாக இருக்கிறது என்பதால் தோட்டத்துக்குள் தடம் சரியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

இன்டர்நெட் என்பது அவினாசி ரோடு. வீட்டு நெட்வொர்க் என்பது வண்டித்தடம். கடவில் நின்று உள்ளே இருப்பதை உள்ளேயும், வெளியே போக வேண்டியதை வெளியேயும் அனுப்புவது ரவுட்டர். நாஸ் என்பது, ஹார்டு டிஸ்க்குகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நெட்வொர்க் வழியாக எல்லோருக்கும் ஃபைல் எடுத்துக் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்ட சிறிய கணினி. அது களத்தில் இருக்கிறது, அவினாசி ரோட்டில் இல்லை. ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் சொருகிய டிஸ்க்குக்கும், ஆபீஸ் கணினியில் ஷேர் செய்து வைத்த ஃபோல்டருக்கும் இதே கணக்குதான்.

ஆகவே யூடியூப் ஓடுவது நாஸ் விஷயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை. ஃபைபர் அறுந்து நெட் இல்லாத நாளிலும் உங்கள் டிசைன் ஃபோல்டர் திறக்க வேண்டும். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பயனில்லை, அவர்கள் பார்க்கும் இடம் வேறு.

மஞ்சள் குடோன் கேட்கும் நான்கு கேள்விகள்

ஈரோட்டில் விலை வரும் வரை மஞ்சள் மூட்டையைக் குடோனில் இறக்கி வைப்பார்கள். எடுக்கப் போகும் நாளில் நான்கு காரியம் சரியாக இருக்க வேண்டும். குடோன் வரை வண்டி போக வழி வேண்டும். எந்தக் குடோன் என்று விலாசம் தெரிய வேண்டும். போன நேரத்தில் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். கையில் ரசீது வேண்டும், அதுவும் அந்த மூட்டைக்கான ரசீதாக இருக்க வேண்டும்.

நாஸும் இதே நான்கைத்தான் கேட்கிறது. வழி, விலாசம், ஷட்டர், ரசீது. இந்த வரிசை முக்கியம். வழியே இல்லாதபோது ரசீதைத் திருத்தி எழுதுவதில் பிரயோசனம் இல்லை. வழியிலிருந்து ஆரம்பித்து, எந்தக் கேள்விக்கு முதலில் ‘இல்லை’ வருகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். கோளாறு அங்கேதான். “பெட்டி காணோம்” என்பது முதல் மூன்றில் ஏதோ ஒன்று. “தெரியுது, ஆனா உள்ள விட மாட்டேங்குது” என்றால் அநேகமாக நான்காவது. பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவதால்தான் பாதி நேரம் வீணாகிறது.

வழி: இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில்தானா?

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் கதவு எண்தான் ஐபி முகவரி. 192.168.1.50 என்பது போல நான்கு எண்களாக இருக்கும். வீடுகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் தோட்டத்தின் பெயர், கடைசி எண் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டு எண்.

லேப்டாப்பின் முகவரியைப் பார்க்க, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கில எழுத்தில் அடித்து எண்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியில் இருப்பது உங்கள் முகவரி. ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் இருப்பது ரவுட்டரின் முகவரி. அதை பிரவுசரில் அடித்து உள்ளே போனால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் கிடைக்கும். அதில் நாஸின் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரைக்கு அதை 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது இரண்டு முகவரிகளின் முதல் மூன்று எண்களை ஒப்பிடுங்கள். லேப்டாப் 192.168.1.23 என்றால் ஒரே தோட்டம், நல்லது. 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, லேப்டாப் தானாக ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கேபிள், வைஃபை இணைப்பு, ரவுட்டர் ஆகிய மூன்றில் ஒன்று கோளாறு.

லேப்டாப் 192.168.0.23 என்றும் நாஸ் 192.168.1.50 என்றும் இருந்தால் என்ன அர்த்தம்? நம் ஊர் வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். இணைய நிறுவனம் வைத்துப்போன ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டர். இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு வேலி போட்டுக்கொண்டு, தனித் தோட்டமாக நிற்கிறது. அந்த வேலிக்கு ஒரு பக்கக் கடவுதான். உள் தோட்டத்திலிருந்து வெளித் தோட்டத்துக்குப் போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது.

இதன் விளைவைப் பாருங்கள். நாஸ் கீழே ஃபைபர் பெட்டியில் சொருகியிருந்தால், மாடி லேப்டாப் ஐபி முகவரியை அடித்துத் திறக்க முடியும், ஆனால் பட்டியலில் நாஸின் பெயர் வராது. நாஸ் மாடி ரவுட்டரில் சொருகியிருந்தால், கீழே ஆபீஸ் கணினிக்கு அது எந்த வகையிலும் எட்டாது. “மாடியில வருது, கீழ வரமாட்டேங்குது” என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இரண்டாவது வேலியைத்தான்.

தீர்வு, இரண்டாவது ரவுட்டரை வேலி போடாமல் வைஃபை மட்டும் கொடுக்கச் சொல்வது. பெரும்பாலான ரவுட்டர்களின் செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அது இல்லாத பழைய ரவுட்டர் என்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் இரண்டாவது ரவுட்டரின் சொந்த முகவரியை, முதல் ரவுட்டரின் தோட்டத்தில் யாருக்கும் கொடுக்காத ஒரு எண்ணாக மாற்றுங்கள், உதாரணத்துக்கு 192.168.1.2. அடுத்து அதில் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். டிஹெச்சிபி என்பது, வரும் கருவிகளுக்கு ஐபி முகவரி பங்கிடும் வேலை. ஒரு தோட்டத்துக்கு ஒருவர் பங்கிட்டால் போதும். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை இரண்டாவது ரவுட்டரின் வெளி இணைப்புக்கான ‘வான்’ துளையிலிருந்து கழற்றி, உள் இணைப்புக்கான ‘லான்’ துளை ஒன்றில் சொருகுங்கள். வான் துளை பெரும்பாலும் வேறு நிறத்தில் தனியாக இருக்கும்.

விருந்தினருக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையில் லேப்டாப் மாட்டியிருந்தாலும் இதே கதை. கெஸ்ட் வைஃபையின் நோக்கமே வீட்டுக் கருவிகளைத் தொட விடாமல் வெளி நெட்டை மட்டும் கொடுப்பது. ஆபீஸ் லேப்டாப்பில் கம்பெனி நெட்வொர்க்குக்குத் தனிப் பாதை போடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டுத் தடம் அடைபடலாம். அதை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

கடைசிச் சோதனை: கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 192.168.1.50 என்று அடியுங்கள். அந்த முகவரியிலிருந்தே நான்கு வரிப் பதில் வந்தால் வழி சரி. ஒரு எச்சரிக்கை: ஷேர் செய்திருப்பது நாஸாக இல்லாமல் விண்டோஸ் கணினியாக இருந்தால், அதன் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் விடலாம். அங்கே பதில் வராததை மட்டும் வைத்து வழி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இதுவரை பார்த்தது ஒன்றுதான்: லேப்டாப்பும் நாஸும் ஒரே தோட்டத்தில் இருக்க வேண்டும். முதல் மூன்று எண்கள் அதைச் சொல்லிவிடும்.

விலாசம்: பட்டியலில் பெயர் இல்லை என்றால் பெட்டி இல்லை என்று ஆகாது

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் நாஸின் பெயர் வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். அது தவறு. அந்தப் பட்டியல், “யார் யார் இருக்கீங்க?” என்று கூப்பிட்டபோது யார் குரல் கொடுத்தார்களோ அவர்களின் பட்டியல் மட்டும்தான். குரல் கொடுக்காதவர் வீட்டில் இல்லை என்று அர்த்தமில்லை.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. விண்டோஸ் கணினிகளும் நாஸ் பெட்டிகளும் ஃபைல் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பு 1980களைச் சேர்ந்தது. பழைய விண்டோஸில் பெயர்ப் பட்டியலைத் தயார் செய்யும் வேலை அந்த முதல் பதிப்பை நம்பியே இருந்தது. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கிய வானாக்ரை என்ற வைரஸ், அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி பரவியது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது பெரும்பாலும் எஸ்எம்பி முதல் பதிப்பு வருவதில்லை, வந்தாலும் பயன்படுத்தாவிட்டால் தானாக நீங்கிவிடும். கூடவே பழைய பட்டியல் முறையும் போய்விட்டது. புதிய முறையில் குரல் கொடுக்கத் தெரியாத பழைய நாஸ், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பட்டியலில் தெரியாது.

“எஸ்எம்பி ஒன்னை ஆன் பண்ணுங்க, வந்துரும்” என்று சொல்லும் வீடியோக்கள் இன்றும் சுற்றுகின்றன. பெயர் பட்டியலில் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஓட்டையைத் திரும்பத் திறக்காதீர்கள். பட்டியலை விட்டுவிட்டு நேராக விலாசத்துக்குப் போங்கள். எக்ஸ்ப்ளோரரின் மேல் பட்டையில் இப்படி அடியுங்கள்:

\\192.168.1.50

அந்த இரண்டு கோடுகளும் எண்டர் கீக்கு மேலே இருக்கும் பின்சாய்கோடுகள். கேள்விக்குறிக்குக் கீழே இருக்கும் முன்சாய்கோட்டை அடித்துவிட்டால், அதை பிரவுசருக்கான முகவரி என்று எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய்விடும். ஆப்பிள் மேக் கணினியில் ஃபைண்டரைத் திறந்து, கமாண்ட் கீயோடு கே எழுத்தை அழுத்தி, எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்து, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடு, பிறகு ஐபி முகவரி என்று அடிக்க வேண்டும்.

முகவரியை அடித்தால் திறக்கிறது, பெயரை அடித்தால் திறக்கவில்லை என்றால், நாஸில் எந்தக் கோளாறும் இல்லை. பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில் மட்டும் சிக்கல்.

நேற்று வரை திறந்த முகவரி இன்று ஏன் திறப்பதில்லை? ரவுட்டர் கொடுக்கும் எண் வாடகை எண்தான், சொந்த எண் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும், பிறகு புதுப்பிக்கும். கரண்ட் போய் வந்ததும் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும் ரவுட்டர்கள் உண்டு. அன்றைக்கு முதலில் எழுந்த போனுக்கு 50 போய்விடும், நாஸுக்கு 57 கிடைக்கும். நாஸ் ஃபோல்டரைச் சுலபமாகத் திறக்க விண்டோஸில் வைத்த இசட் டிரைவோ இன்னும் 50ஆம் எண் வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

நிரந்தரத் தீர்வு ரவுட்டரில் இருக்கிறது. டிஹெச்சிபி பகுதிக்குள் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றோ ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்றோ ஓர் இடம் இருக்கும். நாஸின் மேக் முகவரியை, அதாவது தொழிற்சாலையிலேயே அந்தக் கருவியின் நெட்வொர்க் துளைக்குப் பதித்த மாறாத அடையாள எண்ணை, 192.168.1.50 உடன் அங்கே சேர்த்து எழுதிவைத்தால், இனி அந்த எண் வேறு யாருக்கும் போகாது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மேக் முகவரி இருக்கும்.

ஷட்டர்: பெட்டி விழித்திருக்கிறது, கடை திறந்திருக்கிறதா?

பிங்குக்குப் பதில் வருகிறது, விலாசமும் சரி, ஆனாலும் திறக்கவில்லை. அப்படியென்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது, ஃபைல் கொடுக்கும் சேவை மட்டும் நிற்கிறது, அல்லது யாரோ நடுவில் தடுக்கிறார்கள்.

ஒரு கணினியில் பல சேவைகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜன்னல் எண் உண்டு. அதற்குப் பெயர் போர்ட். எஸ்எம்பியின் ஜன்னல் 445. அது திறந்திருக்கிறதா என்று பார்க்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல் என்று தேடித் திறந்து, ஆங்கில எழுத்தில் இந்த வரியை அடியுங்கள்: டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.50 -போர்ட் 445. ‘நெட்கனெக்‌ஷன்’ இடைவெளி இல்லாத ஒரே சொல். பதிலின் கடைசி வரியில் ‘ட்ரூ’ என்றால் ஷட்டர் திறந்திருக்கிறது, ‘ஃபால்ஸ்’ என்றால் மூடியிருக்கிறது.

மூடியிருந்தால், ஃபோல்டரை ஷேர் செய்வது விண்டோஸ் கணினியா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தக் கணினி வீட்டு வைஃபையை ‘பப்ளிக்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கோவை ரயில் நிலையத்தில் வைஃபை பிடித்தால் யாரும் உங்கள் ஃபோல்டரைப் பார்க்கக் கூடாது அல்லவா? அதற்காக பப்ளிக் என்று குறித்த நெட்வொர்க்கில் விண்டோஸ் ஷட்டரை இறக்கிவிடும். புது ரவுட்டர் மாட்டினாலோ வைஃபையின் பெயரை மாற்றினாலோ வீட்டிலும் இப்படி ஆகலாம். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். அந்த ஒரு மாற்றம் போதும், ஃபயர்வாலை நிறுத்த வேண்டியதே இல்லை. அந்தக் கணினி தூங்கப் போய்விட்டாலும் ஷட்டர் இறங்கிவிடும். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வைத்தால்தான் பகல் முழுக்க மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

ஷேர் செய்வது நாஸ் என்றால், பிரவுசரில் அதன் முகவரியை அடித்து உள்ளே போய் எஸ்எம்பி சேவை ஓடுகிறதா, டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தாலோ, டிஸ்க் விளக்கு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ எரிந்தாலோ இது நெட்வொர்க் கோளாறு இல்லை. திரையில் ‘இனிஷியலைஸ்’ அல்லது ‘ஃபார்மட்’ என்ற பட்டன் வந்தால் தயவுசெய்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் பத்து வருட போட்டோவும் போய்விடும். டிஸ்க்கைப் பற்றித் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் சொருகிய டிஸ்க்குக்கு வேறு ஒரு பலவீனம் உண்டு. யூஎஸ்பி 2 துளை கொடுக்க வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 என்றால் 900. சுழலும் ஹார்டு டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகமாகக் கேட்கலாம். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டுத் திரும்பத் திரும்ப நின்றால், தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டிப் பாருங்கள்.

டிவியில் படம் ஓடுகிறதே, பிறகு எப்படி நாஸ் கோளாறு என்று கேட்பவர்கள் உண்டு. டிவி பெரும்பாலும் டிஎல்என்ஏ என்ற வேறு ஜன்னலில் போய்ப் படத்தை வாங்குகிறது. அங்கே படம் பார்க்கலாம், ஃபைல் எழுத முடியாது, பெரும்பாலும் பாஸ்வேர்டும் கேட்காது. அந்த ஜன்னல் திறந்திருப்பதை வைத்து 445 திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. வழி சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், அதுவும் உபயோகமான தகவல்தான்.

பிழை எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பிழைச் செய்தி வந்ததும் மூடிவிடுகிறோம். அதில் இருக்கும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 80070035 என்று முடிந்தாலோ, கறுப்புத் திரையில் ‘சிஸ்டம் எரர் 53’ என்று வந்தாலோ இரண்டும் ஒன்றே: குடோனையே அடையவில்லை. வழி, விலாசம், ஷட்டர் மூன்றில் ஒன்று. 67 என்றால் குடோன் கிடைத்தது, நீங்கள் கேட்ட பெயரில் ஃபோல்டர் இல்லை. ஷேரின் பெயரில் எழுத்துப்பிழை பாருங்கள். 86 அல்லது 1326 என்றால் யூசர்நேமோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் நீங்கள் யார் என்று தெரிந்துகொண்டது, ஆனால் இந்த ஃபோல்டரைத் தொட அனுமதி இல்லை.

53 வந்தவர் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பதும், 5 வந்தவர் ரவுட்டரை அணைத்துப் போடுவதும் வீண் அலைச்சல்.

ரசீது: எந்தப் பெயர், எந்தப் பாஸ்வேர்டு?

அதிகம் குழம்புவது இங்கேதான். ‘யூசர்நேம், பாஸ்வேர்டு கொடு’ என்று பெட்டி வந்ததும், லேப்டாப்பைத் திறக்கும் பின் எண்ணை அடிக்கிறோம். அது ஏற்காது. பின் எண் அந்த லேப்டாப்புக்கு மட்டுமே சொந்தம், நெட்வொர்க்கைத் தாண்டிப் போகாது. கேட்கப்படுவது உங்கள் லேப்டாப்பின் கணக்கு இல்லை, ஃபைல் இருக்கும் பெட்டியில் உங்களுக்கென்று திறந்த கணக்கு. குடோன்காரர் கொடுத்த ரசீதைத்தான் குடோனில் காட்ட வேண்டும். நாஸ் என்றால் நாஸின் நிர்வாகப் பக்கத்தில் உருவாக்கிய யூசர். ஷேர் செய்திருப்பது விண்டோஸ் கணினி என்றால் அந்தக் கணினியில் உள்ள யூசர். அது மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் முழு ஈமெயில் முகவரியும் அதன் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது, அது அதன் இயல்பான விதி.

அடுத்தது பழைய ரசீது. நாஸில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். லேப்டாப் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்காமலேயே காட்டித் திருப்பி அனுப்பப்படும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்று போனால் நாஸின் பெயரிலும் ஐபியிலும் சேமித்தவை இருக்கும். இரண்டையும் நீக்கிவிட்டுப் புதிதாக நுழையுங்கள்.

நீக்கிய பிறகும் 1219 என்ற எண் வந்தால் காரணம் வேறு. ஒரே நாஸுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் அனுமதிப்பதில்லை. இசட் டிரைவ் உங்கள் பெயரில் திறந்திருக்கும்போது பில் ஃபோல்டரை மனைவி பெயரில் திறக்கப் பார்த்தால் இது வரும். கறுப்புத் திரையில் நெட் யூஸ் என்று அடித்தால் திறந்திருக்கும் இணைப்புகள் எல்லாம் தெரியும். அதே வரியில் ஒரு நட்சத்திரக் குறியும், முன்சாய்கோட்டோடு டிலீட் என்ற சொல்லும் சேர்த்தால் எல்லாம் அறும். திறந்து வைத்திருக்கும் ஃபைல்களைச் சேமித்து மூடிவிட்டுச் செய்யுங்கள்.

கடந்த இரண்டொரு வருடத்தில் புதிதாக வந்த தலைவலி ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள்தானே என்று பலர் நாஸைப் பாஸ்வேர்டு இல்லாமல், ‘கெஸ்ட்’ என்று திறந்து வைத்திருந்தார்கள். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்புக்கு மாறியதும் ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்த ஃபோல்டர் அடைபட்டது. “உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது” என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வரும். வீட்டில் ஏது நிறுவனம் என்று திகைக்க வேண்டாம். புதிய விண்டோஸ், பெட்டியோடு பேசும் ஒவ்வொரு பேச்சுக்கும் முத்திரை கேட்கிறது, நடுவில் யாரும் மாற்றி எழுதவில்லை என்று உறுதி செய்ய. அந்த முத்திரையைச் செய்யும் சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை, ஆகவே சாவியும் இல்லை, முத்திரையும் இல்லை. முத்திரையை நிறுத்தும் வழிகளைத் தேடாதீர்கள். நாஸில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் உருவாக்குங்கள். ஐந்து நிமிட வேலை, பாதுகாப்பும் கூடும்.

உள்ளே போன பிறகு சில ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால் அனுமதி இரண்டு அடுக்காக இருப்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸ் கணினியில் ஷேர் செய்யும்போது, ஷேருக்கு ஓர் அனுமதி, டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டருக்கு இன்னொரு அனுமதி. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஷேரில் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தும் எழுத முடியவில்லை என்றால், ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தில் அந்த யூசருக்கு ‘மாடிஃபை’ இருக்கிறதா பாருங்கள். எவ்ரிஒன் என்று திறந்துவிட்டால் வேலை முடியும், உண்மைதான். ஆனால் வீட்டில் ஒரே ஒரு லேப்டாப்பில் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் நுழைந்தாலும், அது எழுத முடிந்த எல்லா ஃபோல்டரையும் பூட்டிவிடும். குழந்தைகளின் லேப்டாப்புக்கு பில் ஃபோல்டரில் எழுதும் உரிமை எதற்கு?

கரண்ட் போய் வந்த பிறகு

பராமரிப்புக்கென்று மாதம் ஒரு பகல் கரண்ட் போகும் ஊர்களில், நாஸ் கோளாறுகள் அன்று மாலைதான் கூட்டமாக வரும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், நாஸ் மூன்றும் ஒன்றாக எழுந்து, முகவரி கொடுப்பவர் தயாராகும் முன்பே கேட்பவர் கேட்டுவிட்டு ஏமாந்து நிற்பார். மூன்றையும் அணைத்து, முதலில் ஃபைபர் பெட்டி, அதன் விளக்குகள் நிலைத்ததும் ரவுட்டர், இரண்டு மூன்று நிமிடம் கழித்து நாஸ், கடைசியில் கணினி என்று போட்டால் இந்த வகை தீர்ந்துவிடும். கணினி திறந்தவுடன் இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் பதற வேண்டாம். வைஃபை பிடிப்பதற்குள் டிரைவைத் தேடியிருக்கும், இரட்டைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அதன் பின்பக்கம் ‘யூபிஎஸ்’, ‘நார்மல்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மலில் மின்சாரம் மாறும் நேரம் கூடுதல். ஃபேன் அதைத் தாங்கும், நாஸ் அணைந்து எழும். அப்படித் திடீரென்று அணைவது டிஸ்க்குக்கு நல்லதல்ல, எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்றுவிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். தனியாக யூபிஎஸ் வாங்கினால் யூஎஸ்பி கேபிளோடு வரும் வகையாகப் பாருங்கள். அதை நாஸில் சொருகினால், பேட்டரி தீரும் முன்பே நாஸ் தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் நாஸின் பெயர், 192.168.1.50, ஷேர்களின் பெயர், யாருக்கு எந்த யூசர்நேம் என்று எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். மேக் முகவரி உள்ள அடிப்பக்க ஸ்டிக்கரைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த தடவை ரவுட்டர் மாற்றும்போது மாடிப்படிக்குக் கீழே குனிந்து பெட்டியைத் திருப்ப வேண்டியிருக்காது.